ஜெசிந்தாவின் கழுத்துப்பெட்டி

மென்பொருளின் மூலநிரலைக் கொடுத்துவிட்டோம், இனி உங்கள் பாடு என்று ஒரு கம்பெனி சொல்வது, அரிசியையும் பருப்பையும் கையில் திணித்துவிட்டு விருந்து முடிந்தது என்று சொல்வதற்குச் சமம். அடுப்பு எங்கே, பாத்திரம் எங்கே, எதை முதலில் ஊறவைப்பது, ஒன்றும் சொல்ல மாட்டார்கள். திருச்சி கே.கே. நகரில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பழைய மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த அமல்ராஜுக்கு வாய்த்தது அப்படிப்பட்ட விருந்துதான்.

எதிர் நாற்காலியில் அவன் மனைவி ஜெசிந்தா இருந்தாள். மேஜையின் நடுவே, தீப்பெட்டி அளவில், அவளுடைய குரல் இருந்தது.

ஆறு வருடங்களுக்கு முன் வந்த பக்கவாதம் அவளுடைய வலது கையை எடுத்துக்கொண்டது, கூடவே பேச்சையும். பேச்சு என்றால் நாக்கு மட்டுமல்ல, சொற்களே போய்விட்டன. மனசில் நினைப்பு இருக்கும், அதற்கான சொல் வராது. எழுத்துகள் வெறும் கோடுகளாகத் தெரிந்தன. தலையாட்டலையும் நம்பாதீர்கள், ஆமாவும் இல்லையும் மாறிமாறி வரும் என்று டாக்டர்கள் எச்சரித்தார்கள். அப்போதுதான் தொனிகா நியூரோ என்ற கம்பெனியின் கருவி சந்தைக்கு வந்தது. மண்டையைத் திறந்து உள்ளே மெல்லிய வலை ஒன்றை வைப்பார்கள். அவள் சொல்ல நினைப்பதை அது பிடித்து, கழுத்துப் பட்டையில் மாட்டிய பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதை வாக்கியமாக்கி, அவளுடைய பழைய குரலிலேயே பேசும். முதல் நாள் அது "வணக்கம்" என்றபோது அமல்ராஜ் ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் நின்றுகொண்டு அழுதான்.

போன மாதம் தொனிகா திவாலானது. அந்தப் பெட்டி அவ்வப்போது கம்பெனியின் சர்வரிடம் அனுமதி கேட்கும். இந்த முறை கேட்டபோது பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. பெட்டி வாயை மூடிக்கொண்டது. உடம்புக்குள் கருவி வைத்த கம்பெனி கடையைக் கட்டினால் அதன் மென்பொருளைப் பொதுவில் வைத்துவிட வேண்டும் என்று சட்டம் இருந்தது. அதனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி இணையத்தில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

சென்னையில் வேறொரு கம்பெனி புதுக் கருவி வைத்திருந்தது. அதற்கு மறுபடியும் மண்டையைத் திறக்க வேண்டும். வியாழக்கிழமை காலை டாக்டர் மாலினி வீடியோவில் வருவார், நோயாளி தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். ஒருமுறை கருவி மூலம் பேசத் தொடங்கியவருக்குப் பதிலாகக் கணவனோ பிள்ளையோ சம்மதம் சொன்னால் செல்லாது. சொல்லாவிட்டால் ஆபரேஷனுக்கு அவளுக்கென்று ஒதுக்கிய இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

"ஒரே ஒரு வார்த்தை பேசினா போதும் ஜெசி. இந்தப் பழசை எப்படியாவது எழுப்பி விட்டுடறேன்" என்றான் அமல்ராஜ்.

அவள் என்ன சொல்வாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. "உங்க இஷ்டம்" என்பாள். இந்த ஆறு வருடமாக எதைக் கேட்டாலும் அதுதான் பதில். அதற்கு முன்பு கதையே வேறு. ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவள். அவள் "முடியாது" என்றால் கீழ்த்தளத்து டீக்கடை வரை கேட்கும். கணவனையும் பேர் சொல்லி, நீ, வா, போ என்றுதான் பேசுவாள். அதனாலேயே அவன் அக்கா ஃபிலோமினாவுக்கு அவளைக் கண்டால் ஆகாது. கருவி வந்த பிறகு எல்லாம் "நீங்க", "பரவாயில்லைங்க", "உங்க இஷ்டம்". "சாவு வரைக்கும் போய்ட்டு வந்தவ இல்லையா, பக்குவம் வந்துடுச்சு. தங்கம்டா உன் பொண்டாட்டி" என்று அந்த அக்காவே வாய் நிறையச் சொன்னாள். அமல்ராஜும் அப்படித்தான் நம்பினான். வீடு அமைதியாக இருந்தது, அவனுக்கு அது பிடித்திருந்தது.

பாலிடெக்னிக்கில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவன் என்பதால் கம்பைலர் அவனுக்குப் புதிதல்ல. மனிதன் எழுதிய நிரலை இயந்திரம் ஓட்டுகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் அது. கறாரான பேர்வழி. ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனாலும் மொத்தத்தையும் திருப்பி முகத்தில் எறியும். முதல் ஓட்டத்தில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள் ஓடின.

விஷயம் தெரியாதவர்கள் கடைசி வரியைப் பார்த்து மிரள்வார்கள். அமல்ராஜ் நிதானமாக மேலே போய் முதல் பிழையைப் படித்தான். கீழே இருப்பதில் பாதி அதன் வால்தான் என்பது அவனுக்குத் தெரியும். ஏதோ ஒரு கோப்பு கிடைக்கவில்லை என்றது. தேடிப் பிடித்து உரிய இடத்தில் வைத்தான். சிவப்பு குறைந்தது. அடுத்து, இந்த நிரல் எழுதப்பட்ட காலத்துக் கம்பைலர் இதைவிடத் தாராள மனசுக்காரன் என்று புரிந்தது. அப்போது சும்மா எச்சரித்துவிட்டு விட்டதையெல்லாம் இப்போதையது குற்றம் என்றது. பழைய கம்பைலர் ஒன்றை எங்கிருந்தோ இறக்கிக்கொண்டு வந்தான். அது வேறொரு நிரல் நூலகத்தின் பழைய பதிப்பைக் கேட்டது. அந்தப் பழைய பதிப்பு இன்னொன்றைக் கேட்டது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டால் அவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவாரே, அந்த மாதிரி.

ஆனாலும் இந்த வேலையில் ஒரு ருசி உண்டு. ஒவ்வொரு பிழையைத் தாண்டும்போதும் கொஞ்சம் உள்ளே போகிறோம். தன் மனைவி எப்படிப் பேசினாள் என்று இத்தனை வருடம் அவன் யோசித்ததே இல்லை. இப்போது அதன் நரம்பும் நாளமும் கண் முன்னால் விரிந்தன. மூளையிலிருந்து வருவதை வாங்கும் பகுதி, அர்த்தத்தைப் பிரிக்கும் பகுதி, வாக்கியம் கட்டும் பகுதி, குரல் சேர்க்கும் பகுதி. சர்வரிடம் அனுமதி கேட்கும் வரிகளை மட்டும் வெட்டி எறிந்தான். சாப்பாட்டை மறந்து படித்துக்கொண்டிருந்தான். ஜெசிந்தா அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு வரிகள் குறைந்தபோதெல்லாம் நாற்காலியை இடது கையால் இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எல்லாக் கோப்புகளும் தேறின. கடைசியில் அவற்றை ஒன்றாகக் கோக்கும் இடத்தில் இடித்தது. "சமன்" என்று பெயர் கொண்ட ஒரு செயல்பாடு வேண்டும், எங்குமே இல்லை என்றது. மூட்டை முழுக்கத் துழாவினான். அதைக் கூப்பிடுகிற இடம் இருந்தது, அது இல்லை. வாக்கியம் கட்டியானதும், குரலுக்குப் போவதற்கு முன்னால், ஒவ்வொரு வாக்கியமும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். வெளியார் யாரிடமோ வாங்கிய பூட்டிய சரக்கு போலிருக்கிறது, அதனால் மூட்டையில் சேர்க்கவில்லை.

இந்த மாதிரி சமயத்தில் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். அதே பெயரில் ஒரு டம்மி எழுதினான். கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடு, அவ்வளவுதான். சத்தத்தைச் சமன்படுத்துகிற ஏதோ ஒன்றாக இருக்கும், கொஞ்சம் கரகரத்தால் கரகரத்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தான். கம்பைல் ஆகிவிட்டது. "ஜெசி, முடிஞ்சது!" என்று கத்தினான்.

உடனே பெட்டியில் ஏற்றியிருக்கலாம். ஆனால் மனைவி கழுத்தில் மாட்டப்போகிற பொருள், சரிபார்க்காமல் எப்படி? மூட்டையிலேயே சோதனைகள் இருந்தன. இன்ன நினைப்பு உள்ளே போனால் இன்ன பேச்சு வெளியே வர வேண்டும் என்று கம்பெனிக்காரர்களே தயாரித்து வைத்தவை. ஓட்டினான். சரசரவென்று தோல்விகள் விழுந்தன.

தோல்வி. எதிர்பார்த்தது: "உங்க இஷ்டம்." கிடைத்தது: "முடியாது."

தோல்வி. எதிர்பார்த்தது: "பரவாயில்லைங்க." கிடைத்தது: "வலிக்குது, தொடாதே."

தோல்வி. எதிர்பார்த்தது: "நல்லா தூங்குங்க." கிடைத்தது: "விளக்கை அணைக்காதே, பயமா இருக்கு."

தன் டம்மிதான் எதையோ தலைகீழாகக் கொடுக்கிறது என்று நினைத்தான். திறந்து பார்த்தான். இரண்டே வரி, அதில் தப்பு செய்ய இடமே இல்லை. மறுபடி ஓட்டினான். மறுபடி அதேதான். அப்புறம்தான் சோதனைக் கோப்பின் இடது பக்கத்தை, உள்ளே போகிற நினைப்பு எது என்பதை, நிறுத்தி நிதானமாகப் படித்தான். உள்ளே போவது "முடியாது". வெளியே வர வேண்டியது "உங்க இஷ்டம்". அவன் டம்மி சரியாகத்தான் வேலை செய்தது. சரியாக வேலை செய்ததால்தான் தோற்றது.

கடைசியாக விழுந்திருந்த தோல்வியை அவன் இரண்டு முறை படித்தான். உள்ளே போவது, "நான் சொன்னது இது இல்லை." வெளியே வர வேண்டியது, "பெட்டி ரொம்ப நல்லா இருக்குங்க."

நிரலின் தலைப்பில் எழுதியவரின் பெயரும் எண்ணும் இருந்தன. நஸ்ரின். தொனிகாவில் வேலை பார்த்தவர், இப்போது கோயம்புத்தூரில் இருந்தார். அமல்ராஜ் கூப்பிட்டான். நிரலைப் பார்த்துக்கொண்டே பேச வசதியாகப் போனை மேஜையிலேயே வைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"சமன் இல்லாம கம்பைல் பண்ணிட்டீங்களா?" என்றார் நஸ்ரின். "நீங்கதான் சார் முதல் ஆள். மத்தவங்க எல்லாரும் ரெண்டாவது எரர்லயே விட்டுட்டாங்க."

"அது என்ன பண்ணுதுங்க?"

"ஆரம்பத்துல அது கிடையாது சார். முதல்ல சில பேருக்கு வெச்சுப் பார்த்தோம். பக்கவாதம் வந்தவங்க மாசக்கணக்கா பேசாம இருந்துட்டு வாயைத் திறந்தா என்ன வரும்? கோபம் வரும், அழுகை வரும், திட்டு வரும். வீட்டுல இருக்கறவங்களால தாங்க முடியலை. கருவி கெட்டுப்போச்சு, எங்கம்மா இப்படிப் பேச மாட்டாங்கன்னு திருப்பிக் கொண்டுவந்தாங்க. காசு குடுக்கறது அவங்க. அதனால பேச்சை மெதுவாக்கற மாதிரி ஒண்ணு வாங்கிச் சேர்த்தோம். முதல்ல வெறும் தொனியை மட்டும்தான் மாத்துச்சு. அப்புறம் வார்த்தையை. அப்புறம்..." நிறுத்தினார்.

"அப்புறம் சொல்ல வந்ததையே."

"ஆமா சார். அளவு வெச்சுக்கலாம். ஆம்பளைங்களுக்குக் கம்மி. பொம்பளைங்களுக்கு..." அவர் முடிக்கவில்லை. "அப்படித்தான் திருப்தி மதிப்பெண் நல்லா வந்துச்சு. யாரோட திருப்தின்னு நாங்க யாரும் கேட்கலை. நானும் கேட்கலை."

"அவங்க புகார் பண்ணலையா? வெச்சுக்கிட்டவங்க?"

"எதை வெச்சுப் புகார் பண்ணுவாங்க சார்?"

அமல்ராஜுக்கு ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. கருவி வைத்த புதிதில் ஜெசிந்தா பட்டையைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தாள். கழுத்து அரிக்கிறது போல என்று அவன் கடை கடையாக ஏறி மெத்தென்ற பருத்திப் பட்டை வாங்கி வந்து கட்டினான். மறுபடி எறிந்தாள். இன்னும் மெத்தென்றதாக வாங்கினான். ஒரு கட்டத்தில் எறிவதை நிறுத்திவிட்டாள். பழகிவிட்டது என்று அக்காவிடம் சந்தோஷமாகச் சொன்னான். நினைக்க நினைக்க அவனுக்கு அவமானமாக இருந்தது.

"சமன் எங்கிட்ட ஒரு பிரதி இருக்கு. வேணும்னா அனுப்பறேன்" என்றார் நஸ்ரின். "ஆபரேஷனுக்குச் சம்மதம் வாங்கணும்னு சொன்னீங்களே. தப்பா எடுத்துக்காதீங்க சார், உங்க பெட்டி இனி எத்தனை நாள் ஓடும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒருநாள் நின்னா நின்னதுதான். புதுசுக்குப் போறதுதான் அவங்களுக்குப் பாதுகாப்பு. சமன் இருந்தா சரின்னு சொல்லிடுவாங்க."

"புதுசுலயும் இது இருக்கா?"

"இருக்கு. அதுல மூலநிரலே கிடைக்காது. பிரிச்சுப் பார்க்க முடியாது."

சாயங்காலத்துக்குள் அவர் அனுப்பிவிட்டார். அமல்ராஜ் அதையும் சேர்த்து இன்னொன்று கம்பைல் செய்தான். இந்த முறை ஒரு சிவப்பு வரிகூட இல்லை, சோதனைகள் அத்தனையும் பச்சை. ஆக, மடிக்கணினியில் இரண்டு ஜெசிந்தாக்கள் இருந்தார்கள். ஒருத்தி எல்லாச் சோதனையிலும் தேறியவள்.

புதன்கிழமை முழுக்க அவன் வேலைக்குப் போகவில்லை. உண்மையைச் சொன்னால் அவனுக்குப் பயம். பெட்டி நின்றுபோய் அவள் ஆயுசுக்கும் ஊமையாகிவிடுவாளோ என்பது ஒரு பயம். அந்தப் பயத்துக்கு வெளியே சொல்ல முகம் இருந்தது. இன்னொன்றுக்கு முகமே இல்லை. அவள் வாயைத் திறந்தால் என்ன சொல்வாளோ என்பது அது. ஆறு வருடம் தங்கமான பெண்டாட்டி என்று ஊர் மெச்ச வாழ்ந்தாயிற்று. இன்னும் ஒரே ஒரு "உங்க இஷ்டம்" கிடைத்தால் அவள் உயிருக்குப் பாதுகாப்பு, அவனுக்கு நிம்மதி. எந்த நிரலை ஏற்றட்டும் என்று அவளையே கேட்டுவிடலாம் என்றால், தலையாட்டுவாள், எந்தப் பக்கம் ஆட்டினாலும் நம்ப முடியாது. எந்தக் குரல் வேண்டும் என்று சொல்லவும் ஒரு குரல் தேவைப்பட்டது.

அன்று அவளுக்குத் தலை வாரிவிடும்போது கேட்டான். "நேத்து போன்ல பேசினதெல்லாம் உனக்குப் புரிஞ்சுதா ஜெசி?"

அவள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள், பிறகு மேலும் கீழும் ஆட்டினாள். பிறகு எரிச்சலோடு அவன் கையிலிருந்த சீப்பைத் தட்டிவிட்டாள். சீப்பு கட்டிலுக்கடியில் போய் விழுந்தது. முழங்கால் போட்டு அதை எடுக்கக் குனிந்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய ஜெசிந்தா அப்படித்தான். ஆறு வருடமாக இந்த வீட்டில்தான் இருந்திருக்கிறாள்.

வியாழக்கிழமை காலை டம்மி வைத்த நிரலைப் பெட்டியில் ஏற்றி அவள் கழுத்தில் மாட்டினான். பெட்டி முதலில் கரகரத்தது. பிறகு இருமுவது போல ஒரு சத்தம். அவள் எதையும் சொல்வதற்குள் திரையில் டாக்டர் மாலினி வந்துவிட்டார்.

"வணக்கம்மா. உங்களுக்குப் புதுக் கருவி வைக்கறதுக்கு ஆபரேஷன் பண்ணணும். என்னென்ன ஆபத்து இருக்குன்னு உங்க வீட்டுக்காரர் படிச்சுக் காட்டியிருப்பார். உங்களுக்குச் சம்மதமா?"

"முடியாது" என்றாள் ஜெசிந்தா.

குரல் கட்டையாக, ஏற்ற இறக்கமில்லாமல் வந்தது. டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அம்மா, இப்ப இருக்கற கருவிக்கு இனிமே சர்வீஸ் கிடையாது. எப்ப வேணா நின்னுடும். அது தெரியுமில்லையா?"

"தெரியும். நானும் இதே மேஜையிலதான் உட்கார்ந்திருந்தேன். என் தலையை இனிமே யாரும் திறக்கக் கூடாது. உங்க பெட்டியிலயும் இதே திருட்டு வேலை இருக்கு. அதைக் கழட்டிட்டு வாங்க, அப்ப பேசலாம்."

டாக்டர் அமல்ராஜைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க சார்?"

"நான் சொல்ல இதுல ஒண்ணும் இல்லைங்க டாக்டர்" என்றான் அவன்.

நோயாளி மறுத்துவிட்டார் என்று பதிவு செய்துகொண்டு அவர் போய்விட்டார். சென்னையில் அவளுக்கென்று இருந்த இடம் போனது. அமல்ராஜ் மடிக்கணினியை மூடினான். அடுத்து தன் முறை என்பது அவனுக்குத் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான்.

"அமல்."

"சொல்லு ஜெசி."

"பன்னெண்டு வருஷம் என்கூடக் குடித்தனம் பண்ணிட்டுத்தானே எனக்கு வாதம் வந்துச்சு? நான் எப்படிப் பேசுவேன்னு உனக்குத் தெரியாதா? 'உங்க இஷ்டம்'னு நான் சொல்லுவேனா? ஒருநாளாவது, இது இவ இல்லையேன்னு உனக்குத் தோணலையா?"

தோன்றியது என்று சொல்ல வாய் வந்தது. முதல் வாரத்தில் தோன்றியது. அதற்கப்புறம் தோன்றாமல் பார்த்துக்கொண்டான். அவன் அதை அப்படியே சொன்னான். மென்று விழுங்காமல் சொன்னான். ஜெசிந்தா கேட்டாள். பிறகு திட்டினாள். அவனை, கம்பெனியை, ஃபிலோமினாவை, மெத்தென்ற பட்டைகளை, இருட்டில் விளக்கை அணைத்துவிட்டுக் குறட்டை விட்ட அத்தனை இரவுகளை. பெட்டி நடுநடுவே திக்கியது, கரகரத்தது, ஒருமுறை நின்றே போய் மறுபடி தொடங்கியது. அவன் அழுதான், ஆனால் நடுவில் ஒரு வார்த்தை விட்டுப்போய்விடக் கூடாது என்று காதைத் தீட்டிக்கொண்டே அழுதான்.

அவள் ஓய்ந்தபின், கேட்காமல் இருக்க முடியாத ஒன்றைக் கேட்டான். கல்யாண நாள் ஒன்றில் அந்தப் பெட்டி, "நீங்க கிடைக்க நான் குடுத்து வெச்சிருக்கணும்" என்று சொல்லியிருந்தது. அதைப் பல பேரிடம் சொல்லிப் பூரித்திருந்தான்.

"ஜெசி, இந்த ஆறு வருஷத்துல நீ சொன்னதுல ஒண்ணாவது, ஒண்ணே ஒண்ணாவது, நீ சொன்னபடியே வந்துச்சா?"

அவள் யோசித்தாள். "ஒண்ணு வந்துச்சு" என்றாள்.

"என்ன அது?"

"'பசிக்குது.' அதை மட்டும் மாத்தாம விட்டுச்சு. மத்த எதைச் சொன்னாலும் நீ 'சரிம்மா'ன்னுட்டு அடுத்த ரூமுக்குப் போயிடுவே. அதைச் சொன்னா மட்டும் பக்கத்துல வந்து உட்காருவே. பசியே இல்லாம எத்தனை இட்லி தின்னிருக்கேன் தெரியுமா அமல்?"